விழுங்கிய உலோகம்: நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் அழற்சி மூளும் விதம்

ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும்போது எழும் புகை, சாதாரண இரும்பைப் பற்றவைக்கும் புகையைப் போல இருக்காது. வெள்ளையாகத் திரண்டு எழும். அடங்கிய பிறகு பற்றவைத்த இடத்தைச் சுற்றி இலவம்பஞ்சுத் துணுக்குகளைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அது துத்தநாக ஆக்சைடு. துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் குழாயின்மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கே ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். இரண்டு குழாய்கள் ஒட்டுவதற்கு முன்பே, இணைப்பைச் சுற்றியிருந்த பூச்சு காற்றில் கலந்துவிடுகிறது. குனிந்து வேலை செய்பவரின் மூக்கு அந்தப் புகைக்கு நேர் மேலே இருக்கிறது.

வேலை நேரத்தில் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. நான்கு மணி நேரம், சில சமயம் பத்து மணி நேரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது வாயில் காசைச் சப்பியது போல ஒரு ருசி தட்டும். பிறகு குளிர், நடுக்கம், உடம்பு முறிக்கிற வலி, காய்ச்சல். மலேரியாவாக இருக்குமோ என்று வீட்டில் பயந்துபோவார்கள். ஒன்றிரண்டு நாளில் தானாகவே விட்டுவிடும். மருத்துவ நூல்கள் இதை உலோகப் புகைக் காய்ச்சல் என்கின்றன.

காய்ச்சல் என்றால் கிருமி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இந்தக் காய்ச்சலில் கிருமியே இல்லை. துத்தநாகம் தானாக உடலைச் சூடேற்றவும் இல்லை. கிருமி வந்தால் என்ன செய்யுமோ அதையே நோய் எதிர்ப்புச் செல்கள் உலோகத்தைப் பார்த்தும் செய்தன. 'கன உலோகங்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் அழற்சியையும் தூண்டுகின்றன' என்ற வாசகம் குடிநீர் மாசு, தொழிற்சாலைப் புகை, செயற்கை மூட்டு என்று எந்தச் செய்தி வந்தாலும் கூடவே வருகிறது. வாசகம் சரிதான். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் ஒரு செல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவதால்தான், 'ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்' மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்ற எண்ணம் பரவுகிறது.

முதலில் சொற்கள்

1. பெருவிழுங்கி. மேக்ரோஃபேஜ் என்பதன் தமிழ்ப் பெயர். நுரையீரலின் காற்றறைகளில், கல்லீரலில், தோலில், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் என்று எங்கும் குடியிருக்கும் காவல் செல். கிருமி, செத்த செல், தூசு என எதிர்ப்படும் அந்நியப் பொருளைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ரஷ்ய விஞ்ஞானி எலி மெட்ச்னிகாஃப் 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவிட்டு மறுநாள் பார்த்தபோது, முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கு செல்கள் பற்றிய அறிவு அங்கிருந்து தொடங்கியது. செரிக்க முடியாத ஒரு பொருளைச் சுற்றிச் செல்கள் கூடிய காட்சி அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் சில மூலக்கூறுகள் எலக்ட்ரானுக்காகப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பிடுங்கும் இயல்புடையவை. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ஆகிய மூன்றும் முக்கியமானவை. ஆரோக்கியமான செல்லிலும் இவை எப்போதும் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் நொதிகளும் இருக்கின்றன. உற்பத்தி, அடக்கும் திறனை மிஞ்சிவிட்ட நிலைக்கே இந்தப் பெயர்.

3. அழற்சி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ரத்தக் குழாய்கள் விரிந்து, நோய் எதிர்ப்புச் செல்கள் ஓரிடத்தில் குவிவதன் வெளி அடையாளங்கள் இவை. செல்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் புரதச் செய்திகளுக்கு சைட்டோகைன் என்று பெயர்.

எலக்ட்ரானைக் கைமாற்றும் உலோகம்

சோடியமோ கால்சியமோ உடலில் ஒரே மின்னூட்டத்தோடு இருந்துவிடும். இரும்பு, செம்பு, கோபால்ட், குரோமியம், வனேடியம் போன்றவை அப்படி அல்ல. இரும்பு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு மூன்று மின்னூட்டத்துக்குப் போகும். திரும்ப ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டுக்கு வரும். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிப்பது இந்த இயல்பை நம்பித்தான். அதே இயல்பு கட்டுப்பாடில்லாத இடத்தில் செயல்பட்டால் ஆபத்து.

பிரிட்டிஷ் வேதியியலாளர் ஃபென்டன் 1894இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து, அதில் சிறிதளவு இரும்பு உப்பைப் போட்டால் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று அவர் காட்டினார். இரும்பு தன் எலக்ட்ரானை ஹைட்ரஜன் பெராக்சைடுக்குக் கொடுக்கிறது. அது இரண்டாக உடைகிறது. உடைந்த ஒரு துண்டுதான் ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். மூன்றிலும் கொடியது இது. நானோ நொடி அளவே உயிரோடிருக்கும், ஆனால் அதற்குள் அடுத்திருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதுவானாலும் தாக்கிவிடும். சூப்பராக்சைடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் எதிராக உடலில் நொதிகள் உண்டு. ஹைட்ராக்சிலைப் பிடிப்பதற்கென்று ஒரு நொதியும் கிடையாது. பிடிக்க நேரமே இல்லை. அது பிறக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

அதனால்தான் உடல் இரும்பைத் தனியே அலையவிடுவதில்லை. ஒரு பெரியவர் உடலில் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. ரத்தத்தில் அதைச் சுமக்க டிரான்ஸ்ஃபெரின், செல்லுக்குள் பூட்டிவைக்க ஃபெரிட்டின் என்று புரதங்கள் உண்டு. ஒரு ஃபெரிட்டின் கூண்டில் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இந்தப் பூட்டுகளுக்கு வெளியே கொண்டுவந்து கொட்டப்படும் உலோகம்தான் சிக்கல்: பற்றவைப்புப் புகை, பிரேக் பட்டை தேய்ந்த தூசு, உடலுக்குள் பொருத்திய உலோகம் உரசி உதிர்ந்த பொடி.

வேறு வழியில் வரும் ஈயமும் பாதரசமும்

ஈயம், பாதரசம், காட்மியம் இந்த மாதிரி எலக்ட்ரான் பரிமாற்றம் செய்வதில்லை. ஆர்செனிக்கின் முக்கிய நஞ்சும் அந்த வழியில் வருவதில்லை. இவை கந்தகத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. செல்லின் முதன்மையான பாதுகாப்பு மூலக்கூறு குளூட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். அதன் வேலை முழுவதும் நடுவிலுள்ள கந்தக முனையை நம்பியிருக்கிறது. பாதரச அணு ஒன்று அந்த முனையைப் பிடித்துக்கொண்டால் அந்த மூலக்கூறு போனது போனதுதான். தீயை மூட்டுபவன் ஒருவன், தீயணைப்பு வண்டியின் தண்ணீரைத் திறந்துவிடுபவன் இன்னொருவன் என்பது போல. முடிவில் இரண்டு வகையிலும் செல் வந்து சேரும் இடம் ஒன்றே.

விழுங்கியபின் நடப்பது

மற்ற செல்களைவிட நோய் எதிர்ப்புச் செல்லுக்கு உலோகத்தால் கூடுதல் ஆபத்து. காரணம் அதன் தொழில்.

பெருவிழுங்கியும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவும் கிருமியை விழுங்கியதும், அதைச் சிறையிட்ட பைக்குள் வேண்டுமென்றே சூப்பராக்சைடைப் பாய்ச்சுகின்றன. அதற்கென ஒரு நொதி, என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ், அந்தப் பையின் சுவரில் ஒன்றுகூடுகிறது. பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாத குழந்தைகள் உண்டு. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற அந்நிலையில், சாதாரணப் பூஞ்சையும் பாக்டீரியாவும்கூட உயிருக்கு உலை வைக்கும். ஆக, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் இந்த மூலக்கூறுகளை வெறும் நஞ்சு என்று பேசுவது தவறு. அவை நம் ஆயுதங்கள். விழுங்கு செல் அந்த ஆயுதங்களைச் சுமந்தபடியே திரிகிறது.

இப்போது அந்தச் செல் ஓர் உலோகத் துகளை விழுங்குகிறது. வழக்கம்போல் பைக்குள் அடைக்கிறது, சூப்பராக்சைடு பாய்கிறது, அது ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. கிருமி என்றால் இதிலேயே செத்திருக்கும். உலோகத்துக்குச் சாவு ஏது? அடுத்து, அமிலமும் செரிப்பு நொதிகளும் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு இணைகிறது. அதன் அமிலத்தன்மை பி.எச். 5க்கும் கீழே; ஏறக்குறைய தக்காளிச் சாறு அளவு. கோபால்ட், துத்தநாக ஆக்சைடு போன்றவை அந்த அமிலத்தில் கரையத் தொடங்குகின்றன. ரத்தத்திலோ திசு நீரிலோ மெதுவாகக் கரைந்திருக்கக்கூடிய உலோகம், செல்லின் நடுவயிற்றில் வேகமாகக் கரைந்து அயனிகளாகப் பெருகுகிறது. ஆய்வாளர்கள் இதை டிராய் நகரத்து மரக்குதிரைக்கு ஒப்பிடுவார்கள். கோட்டைக்குள் தானே இழுத்துக்கொண்டு போன பொருளிலிருந்து எதிரிகள் இறங்குகிறார்கள். ஒரே பைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கிறது, எலக்ட்ரான் கைமாற்றும் உலோகமும் இருக்கிறது. ஃபென்டன் கண்ட வினைக்கு இதைவிட வசதியான பாத்திரம் கிடைக்காது.

அழுத்தம் எச்சரிக்கை மணியாக மாறும் படிகள்

இதுவரை சொன்னது செல்லுக்குள் ஏற்படும் சேதம். அது எப்படிக் காய்ச்சலாக, வீக்கமாக வெளியே வருகிறது?

1. செல்லின் சைட்டோபிளாசத்தில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் ஒரு தடுப்புப் புரதத்தால் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தமோ, செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளோ கொடுக்கும் சமிக்ஞையில் அந்தத் தடுப்பு சிதைக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் உட்கருவுக்குள் போய், அழற்சிக்கான மரபணுக்களை இயக்குகிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகிய சைட்டோகைன்கள் தயாராகி வெளியேறுகின்றன. இன்டர்லூக்கின்-1 பீட்டா மட்டும் உறை போட்ட கத்தியாக உள்ளேயே காத்திருக்கிறது.

2. அந்த உறையை நீக்க இரண்டாவது சமிக்ஞை தேவை. துகளின் தாக்குதலில் லைசோசோம் கிழிந்து அதன் நொதிகள் செல்லுக்குள் கொட்டுவது, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவது, சேதமடைந்த மைட்டோகாண்ட்ரியா சூப்பராக்சைடு போன்ற மூலக்கூறுகளைக் கசியவிடுவது, இவற்றில் எதுவும் அந்தச் சமிக்ஞையாகலாம். இவற்றை உணர்ந்து என்எல்ஆர்பி3 என்ற புரதம் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு சக்கரம் போல அமைகிறது. இன்ஃப்ளமசோம் என்ற இந்த அமைப்பு 2002இல்தான் பெயர் பெற்றது. கீல்வாதத்தில் மூட்டைச் சுட்டெரிக்கும் யூரிக் அமிலப் படிகம் இதைத்தான் இயக்குகிறது என்று 2006இலும், கல்குவாரித் தொழிலாளரின் நுரையீரலை அழிக்கும் சிலிக்காத் தூசும் இதே வழியில் செயல்படுகிறது என்று 2008இலும் தெரியவந்தது.

3. அந்தச் சக்கரம் காஸ்பேஸ்-1 என்ற நொதியை முடுக்குகிறது. அது உறையை வெட்டி இன்டர்லூக்கின்-1 பீட்டாவை விடுவிக்கிறது. செல்லின் சவ்விலும் துளைகள் விழுகின்றன. பல சமயம் செல் வெடித்தே சாகிறது.

4. வெளியேறிய சைட்டோகைன்கள் ரத்தம் வழியாகப் போய் மூளையின் ஹைப்போதாலமஸில் உடல் வெப்பத்தின் அளவை உயர்த்துகின்றன. நியூட்ரோஃபில்களையும் கூப்பிடுகின்றன. வந்தவை தங்கள் பங்குக்கு சூப்பராக்சைடைப் பாய்ச்சுகின்றன.

பற்றவைப்பவருக்குக் காய்ச்சல் உடனே வராமல் இரவில் வந்ததன் விளக்கம் இந்தப் படிகளில் இருக்கிறது. மரபணு இயங்கி, புரதம் தயாராகி, செல்கள் திரண்டு வரச் சில மணி நேரம் ஆகும். துத்தநாகப் புகையைச் சுவாசித்த தன்னார்வலர்களின் நுரையீரலைக் கழுவிய நீரை 1990களில் ஆய்வு செய்தபோது, முதலில் டிஎன்எஃப், பிறகு இன்டர்லூக்கின்-6, 8, கூடவே நியூட்ரோஃபில்கள் என்று அந்த வரிசை தெரிந்தது. இதற்குப் பால் குடித்தால் போதும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. பால் போவது இரைப்பைக்கு. வினை நடப்பது நுரையீரலில்.

நிக்கல்: கிருமியின் சாவியைப் போன்ற உலோகம்

மேலே முதல் படியில் ஏற்பிகள் என்று ஒரு சொல் வந்தது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையிலேயே எனக்கு மிக வியப்பளிக்கும் கண்டுபிடிப்பு அங்கே இருக்கிறது.

பெருவிழுங்கியின் மேற்பரப்பில் டிஎல்ஆர்4 என்ற ஏற்பி உண்டு. சிலவகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரைப் பொருளை அடையாளம் காண்பதே அதன் வேலை. நிக்கல் அயனி, பாக்டீரியாவின் உதவி இல்லாமலே இந்த ஏற்பியோடு நேரடியாகப் பிணைந்து அதை இயக்குகிறது என்று 2010இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏற்பியின் 456, 458 ஆகிய இடங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் நிக்கலைப் பிடிக்கின்றன. கோபால்ட்டும் இதே வழியில் செயல்படுகிறது என்று அடுத்து வந்த ஆய்வுகள் சொல்லின. செல்லைப் பொறுத்தவரை வாசலில் பாக்டீரியா வந்து நிற்கிறது. உள்ளே அனுப்பும் செய்தியும் அப்படித்தான்.

சுண்டெலியின் டிஎல்ஆர்4இல் அந்த இரண்டு ஹிஸ்டிடின்களும் இல்லை. அதனால் சுண்டெலிக்கு நிக்கல் ஒவ்வாமை இயல்பாக வருவதில்லை. ஆய்வகத்தில் வரவழைக்கக் கூடவே வேறொரு தூண்டுபொருளும் கொடுக்க வேண்டியிருந்தது. மனித ஏற்பியைப் பொருத்திய எலிகளுக்கு எளிதாக வந்தது. ஒரு புரதத்தில் இரண்டு இடங்களில் உள்ள வேறுபாடு, கவரிங் தோடு போட்ட காது புண்ணாகி நீர் வடிவதற்கும் வடியாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடாகிறது. ஓர் உலோகம் எலிக்குத் தீங்கு செய்யவில்லை என்பதை வைத்து மனிதருக்கும் செய்யாது என்று முடிவெடுக்கும் எவரும் இந்த உதாரணத்தை மறக்கக் கூடாது.

செயற்கை இடுப்பு மூட்டு: எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம்

மேலே பிரித்துப் பிரித்துச் சொன்ன அத்தனையும் ஒரே மனிதரின் உடலில் நடந்த சோகம் ஒன்று உண்டு. அது பல்லாயிரம் பேருக்கு நேர்ந்தது.

இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குப் பொருத்தும் செயற்கை மூட்டில் நீண்ட காலமாக உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் இருந்தன. பிளாஸ்டிக் தேய்ந்து துகள் உதிரும். பெருவிழுங்கிகள் அதை விழுங்கும். செரிக்க முடியாமல் சைட்டோகைன்களைச் சுரக்கும். அதனால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு ஆட்டம் காணும். இதைத் தவிர்க்க நினைத்தவர்கள் பந்து, கிண்ணம் இரண்டையும் கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்திலேயே செய்தார்கள். தேய்மானம் கன அளவில் மிகக் குறைவு என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பிழையில்லை. ஆனால் துகளின் அளவு மாறியிருந்தது. உலோகத் துகள்களில் பெரும்பாலானவை 50 நானோமீட்டர் அளவிலேயே இருந்தன. ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு துகளின் கன அளவைக் கொண்டு 50 நானோமீட்டர் துகள்கள் 8,000 செய்யலாம். கரையக்கூடிய மேற்பரப்பு 20 மடங்காகும். எடை குறைந்தது, எண்ணிக்கையும் மேற்பரப்பும் பெருகின. கணக்குப் போட்டவர்கள் உலோகத்தைப் பார்த்தார்கள். அதை விழுங்கப் போகிற செல்லைப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

பெருவிழுங்கிகள் இந்த நானோ துகள்களை நிரம்ப உண்டன. கரைந்த கோபால்ட் டிஎல்ஆர்4ஐத் தட்டியது; என்எல்ஆர்பி3ஐ முடுக்கியது. கோபால்ட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. செல்லில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கும் நொதி இரும்பை வைத்து வேலை செய்கிறது. அங்கே கோபால்ட் குறுக்கிடும்போது நொதி முடங்கி, ஆக்சிஜன் நிறைய இருந்தும் இல்லை என்று செல் முடிவு செய்கிறது. அந்தப் பொய்ச் செய்தியே செல்லை அழற்சிப் பக்கம் இன்னும் தள்ளுகிறது. இந்தக் குணத்தால்தான் ஒரு காலத்தில் கோபால்ட் குளோரைடை ரத்தசோகைக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் போதவில்லை என்று நினைக்கும் உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்யும். 1960களின் நடுவில் கனடாவின் கியூபெக் நகரில் நுரை நிற்பதற்காகப் பீரில் கோபால்ட் சேர்த்தபோது, மிகுதியாகக் குடித்தவர்களின் இதயத் தசை சிதைந்து பலர் இறந்தார்கள்.

செத்த பெருவிழுங்கியிலிருந்து துகள்கள் அப்படியே வெளியே வந்தன. அவற்றை அடுத்த பெருவிழுங்கி விழுங்கியது. உலோகம் ஒரு தனிமம். எந்த நொதியாலும் அதைச் சிதைக்க முடியாது. பாக்டீரியாவால் வரும் அழற்சி, பாக்டீரியா செத்ததும் அடங்கும். இங்கே அடங்குவதற்கு முகாந்திரமே இல்லை, ஏனென்றால் மூட்டு உரசும் ஒவ்வொரு அடிக்கும் புதுத் துகள் சேர்ந்துகொண்டிருந்தது. சிலருக்கு மூட்டைச் சுற்றித் தசை அழுகி, கட்டி போலத் திரண்டது. புற்றுநோய் இல்லை என்பதால் அதைப் போலிக் கட்டி என்றார்கள்.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிபியூ, இவ்வகையைச் சேர்ந்த தன் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதுவரை விற்றவை ஏறத்தாழ 93,000. ஐந்தாண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டது என்று பிரிட்டனின் மூட்டுப் பதிவேடு காட்டியிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. 30 லட்சம் ரூபாயிலிருந்து 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு தரும் கணக்கை மத்திய அரசு 2018இல் வகுத்தது. எட்டு ஆண்டுகள். அந்த வலியோடு நடந்தவர்களுக்கு அது மிக நீண்ட காலம்.

இன்று பெரும்பாலும் பொருத்தப்படுபவை உலோகமும் மேம்பட்ட பிளாஸ்டிக்கும், அல்லது பீங்கானும் சேர்ந்தவை. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட எல்லோரும் பயப்படத் தேவையில்லை. உலோகத்தோடு உலோகம் உரசும் வகை தங்களுக்குப் பொருத்தப்பட்டதா என்று அறுவைச் சிகிச்சைப் பதிவில் பார்த்துக்கொள்வது மட்டும் அவசியம்.

பழகிவிட்டது என்பதன் பொருள்

உலோகப் புகைக் காய்ச்சலுக்கு திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றொரு பெயரும் உண்டு. வாரத்தின் முதல் நாள் வரும். அடுத்த நாட்களில் அதே புகையில் நின்றாலும் வராது. ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்களன்று மறுபடி வரும். துத்தநாகம் பட்டதும் செல் மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தைப் பெருமளவில் தயாரிப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்தப் புரதத்தின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கந்தகம் ஏந்தியது. ஒரு மூலக்கூறே ஏழு துத்தநாக அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடுமுறை ஓய்வில் அந்த ஏற்பாடு கலைந்துவிடுகிறது.

எனக்குப் பழகிவிட்டது என்று பட்டறையில் சொல்வது இந்த அளவில் உண்மை. காய்ச்சல் வரவில்லை என்பதால் புகை உள்ளே போகவில்லை என்று ஆகாது. பூச்சில் துத்தநாகத்துக்குப் பதில் காட்மியம் இருந்தால் தொடக்க அறிகுறிகள் அதே காய்ச்சலைப் போலவே இருக்கும். ஆனால் அது நுரையீரலில் நீர் கோத்து உயிரைப் பறிக்கக்கூடியது. மூச்சுத் திணறல் சேர்ந்தால் காலையில் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. பற்றவைப்புப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. பூச்சை முதலில் சுரண்டி எடுப்பது, புகையை இழுக்கும் குழாய், பொருத்தமான முகக்கவசம் ஆகியவை செலவு பிடிப்பவைதான். அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் பட்டறை உரிமையாளர். இருமிக்கொண்டிருக்கும் தொழிலாளர் அல்ல.

மாத்திரைகள் ஏன் தோற்கின்றன

ஆக்சிஜனேற்றம்தான் எதிரி என்றால் அதை எதிர்க்கும் விட்டமின் ஏன் உதவாது? இந்தக் கேள்வி பெரிய அளவில் சோதிக்கப்பட்டுவிட்டது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று குறையவில்லை. 18 சதவீதம் கூடியது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் சேர்த்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்விலும் அதே திசையில் முடிவு வந்ததால் 1996இல் பாதியில் நிறுத்தினார்கள்.

உலோகத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்று மின்னூட்ட நிலையில் ஓய்ந்து கிடக்கும் இரும்புக்கு விட்டமின் சி ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து, ஃபென்டன் வினைக்கு மறுபடி தயாராக்கும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் ஏற்றி உடலில் இரும்பு மிகுந்துவிட்ட தலசீமியா நோயாளிகளுக்கு விட்டமின் சியை மருத்துவர்கள் கவனமாக, இரும்பை வெளியேற்றும் மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள். நெல்லிக்காயும் கீரையும் சாப்பிடுவதற்கு இதில் எந்தத் தடையும் இல்லை. புகையிலும் தூசிலும் நிற்பவருக்கு விற்கப்படும் மாத்திரையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மூலம் உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை விளைவை அடக்குவது நடக்காது. 'உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம்' என்று மருத்துவமனைக்கு வெளியே விளம்பரம் செய்யும் சிகிச்சைகள் இன்னும் ஆபத்தானவை. உலோகத்தைப் பிணைக்கும் மருந்துகள் உண்மையில் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றான எடிடிஏவின் தவறான வகை ஏற்றப்பட்டு ரத்தத்தின் கால்சியம் சரிந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன.

ரத்தப் பரிசோதனையின் எண்

உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்கிறார்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரையறுத்தது. சாதாரணமாக ஒருவர் ரத்தத்தில் கோபால்ட் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய அளவை அளக்கும்போது ரத்தம் எடுக்கும் எஃகு ஊசியிலிருந்தே சிறிதளவு உலோகம் சேர்ந்துவிடக்கூடும். அதனால் முதலில் வரும் சில மில்லிலிட்டர் ரத்தத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, நுண் உலோகப் பரிசோதனைக்கென்றே உள்ள குழாயில் எடுக்க வேண்டும். வழக்கமான குழாயில் எடுத்த அறிக்கையை வைத்துக்கொண்டு யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

சரியாக எடுத்த எண்ணும் முழுக் கதையைச் சொல்லாது. ரத்தத்தில் மிதப்பது கரைந்த உலோகம்; பெருவிழுங்கியின் பைக்குள் அடைபட்டிருப்பது அந்த எண்ணில் வராது. ரத்த அளவு 7க்குக் கீழே இருந்தவர்களின் இடுப்பிலும் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது போலிக் கட்டி தெரிந்திருக்கிறது. எனவே வலி இருக்கிறது, எண் குறைவாக இருக்கிறது என்றால், உலோகத்தின் நிழல் விழாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.